ஹெலிகாப்டர் தவிர மற்றதெல்லாம்

தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வெர்னா அடுப்பில் விறகைத் தள்ளினாள். காதில் வானொலி நிலையத்தின் காத்திருப்பு இசை. அலமாரி மேலிருந்த வானொலியிலும் அதே நிகழ்ச்சி, சத்தம் குறைத்து ஓடிக்கொண்டிருந்தது. கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் அந்த வாரம் நடந்த கூத்தையெல்லாம் நியூஃபவுண்ட்லாந்து தீவே கூடி அலசும் காலை நேரம். இன்றைய விருந்தாளி மத்திய அமைச்சர். அவள் அழைத்ததும் அவருக்காகத்தான்.

கடலில் போட்ட நண்டுக்கூடை எடுக்கப் போன அவள் கணவன் எல்டன் இன்னும் கரை திரும்பவில்லை. இன்று பொழுது சாய்ந்ததும் தேடலை நிறுத்துவதாக மீட்பு மையம் சொல்லிவிட்டது. அவளுக்கு வேண்டியது இன்னும் ஒரு நாள். அவள் ஊரான மஸல் ஹார்பர்க்காரர்கள் அரசாங்கத்துக்கு மனுப் போடுவதில்லை, வானொலிக்குப் போன் போடுவார்கள். ஊருக்குத் தார்ச்சாலை வந்தது அப்படித்தான், நர்ஸ் வந்ததும் அப்படித்தான். தனியாகக் கெஞ்சினால் படியாத கடைக்காரன் நாலு பேர் பார்க்கக் கேட்டால் கூச்சப்பட்டுக் குறைப்பானே, அந்தக் கணக்கு.

அவளுக்கு முன்னால் ஒருவர் கார்பன் வரியைத் திட்டித் தீர்த்தார். இன்னொருவர், கட்சித் தலைவரின் விமானப் பயணத்தில் யார் யார் ஏறினார்கள் என்று பட்டியல் போட்டார். வெர்னா ஜன்னல் வழியே கடலைப் பார்த்தாள். எல்லாப் பக்கமும் ஒரே சாம்பல்.

"மஸல் ஹார்பர்லேர்ந்து வெர்னா. சொல்லு கண்ணு, உன் ரேடியோவைக் குறைச்சிட்டியா?" தொகுப்பாளர் ராண்டலின் குரல். காதில் கேட்பது சில நொடி கழித்தே வானொலியில் வரும். அதனால் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி அது.

"குறைச்சிட்டேன். அமைச்சரய்யா, நாளைக்கு ஒரு நாள் ஹெலிகாப்டர் பறக்கணும். படகுல ரப்பர் தெப்பம் இருந்துச்சு. அவர் அதுலதான் இருப்பார்."

"உங்க வேதனையில இந்த நாடே பங்கெடுக்குதும்மா," என்றார் அமைச்சர்.

மூச்சு விடுவதற்குள் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் இணைப்பில் வந்துவிட்டார். "பக்கத்துல இருந்த மீட்பு நிலையத்தை மூடினது யாரு? முதல்ல விசாரணைக் கமிஷன் வைங்க!"

"மூட முடிவெடுத்ததே உங்க ஆட்சி! நாங்க புதுசா வாங்குற மீட்புக் கப்பலுக்கு எல்டன் பேரையே வைப்போம்."

"எங்க ஆட்சி வந்தா துறைமுகத்துல நினைவுக்கல் வைப்போம்."

"கலங்கரை விளக்கத்துக்கே அவர் பேரு!"

மீன் ஏலத்தில்கூட இவ்வளவு வேகமாக விலை ஏறி வெர்னா பார்த்ததில்லை. ஹெலிகாப்டரைத் தவிர எல்லாம் ஏலத்துக்கு வந்தது.

"ஐயா, எனக்குக் கல்லும் வேணாம், கப்பலும் வேணாம்..."

"லைன்லயே இரு கண்ணு, விட்ற மாட்டேன்," என்றார் ராண்டல். மறுபடியும் இசை.

பின்கதவு திறந்தது. பக்கத்து வீட்டு மெல்வின். அந்த ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை, ஆனால் யாரும் பூட்ஸோடு சமையலறைக்குள் வருவதுமில்லை. மெல்வின் பூட்ஸோடு நின்றான்.

"போனை வை வெர்னா. ரொம்ப நேரமா உன் லைன் பிஸியாம். மீட்பு மையம் உன்னைப் புடிக்க முடியாம என் படகு ரேடியோவுல கூப்பிட்டாங்க."

கைபேசிக்கு அலை எட்டாத ஊர். வீட்டில் இருப்பது இந்த ஒரு தொலைபேசிதான்.

"என்ன சொன்னாங்க?"

"எங்கிட்டச் சொல்வாங்களா? பொண்டாட்டிகிட்ட மட்டும்தான் சொல்வாங்களாம்."

"குரல் எப்படி இருந்துச்சு, மெல்வின்?"

"அரசாங்கக் குரல். அதுல என்னத்தைக் கண்டுபிடிக்க?"

இசை நின்றது. "வெர்னா, ஹெலிகாப்டர் விஷயமா அமைச்சர் இப்பவே பதில் சொல்றேங்கிறார். இருக்கியா?"

வாங்க வந்த சரக்கு கடைசியாகக் கல்லாமேல் வந்து நிற்கிறது. கையை நீட்டினால் போதும். அவள் மெல்வினைப் பார்த்தாள். மெல்வின் தன் பூட்ஸிலிருந்து தரையில் பரவும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கேன்," என்றாள். உடனே போனை வைத்துவிட்டாள்.

வைத்த கையை அவள் எடுப்பதற்குள் போன் அடித்தது. உள்ளங்கைக்கடியில் ஒரு மீன் துள்ளுவதுபோல அதிர்ந்தது. அலமாரியிலிருந்த வானொலி இப்போதுதான் அவள் குரலைக் கொண்டுவந்து சேர்த்தது: "இருக்கேன்."