எத்திராஜ் கடித்த பறி

எண்ணூர் கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கிற பெண்களுக்கு வேலை நேரத்தில் பேச்சு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் இரண்டு கையும் சேற்றைத் துழாவும். அகப்பட்ட இறாலைப் போடுகிற பனையோலைப் பறி பல்லில் தொங்கும். வாயைத் திறந்தால் அன்றைய பிழைப்பு போச்சு.

தங்களுக்காகப் பேச ஒரு ஆள் வேண்டுமென்று காத்திவாக்கத்து ராமசெல்வி தவித்ததும் அதனால்தான். ஆலைக்கழிவு கலந்து கலந்து இறால் அற்றுப்போய், அவள் விரலெல்லாம் புண். ஓட்டு கேட்டு வந்த எத்திராஜ், வேட்டியை மடித்துக்கட்டித் தண்ணீரில் இறங்கி, ஒரு பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றபோது உருகியே போனாள். இந்தத் தண்ணியை வாயில் வைத்தவன் நம்மை மறக்கமாட்டான் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். குப்பமே அவனுக்குக் குத்தியது.

ஜெயித்தவன் சட்டசபையில் பேசப்போகிற நாளில் பெண்கள் வேலைக்குப் போகாமல் ரகுபதி டீக்கடை டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். அந்த மகராசன் எழுந்தான். தன் முட்டிவலியைத் தீர்த்த சாமியாரைப் பற்றி ஆரம்பித்தான். மௌனம்தான் மருந்தாம். சாமியார் பெயரில் புழல் ஏரிக்கரையில் அரசாங்கம் ஒரு மௌன மண்டபம் கட்ட வேண்டுமாம். தன் தொகுதிச் சகோதரிகள் வாயில் கூடையோடு நாளெல்லாம் மௌனமாக உழைக்கிறார்களாம், அவர்கள்தான் அவனுக்கு வழிகாட்டிகளாம். சபை மேஜையைத் தட்டியது. கழிவைப் பற்றி அவன் மூச்சுகூட விடவில்லை.

மண்டபத்துக்கு அனுமதி கிடைத்த கையோடு, வழிகாட்டிகளுக்குப் போர்த்தச் சால்வையும் கேமராவுமாகக் கரைக்கு வந்து நின்றான். ராமசெல்வி பறியோடு மேலேறி வந்து, புண் விரல்களை அவன் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"இதப் பத்திப் பேசத்தான உன்ன அனுப்பிச்சோம், நைனா. இன்னா பேசுன?"

எத்திராஜ் சிரித்தபடி உதட்டில் விரலை வைத்தான். அண்ணனுக்கு இன்றைக்கு மௌன விரதம் என்றான் பக்கத்தில் நின்ற கட்சிக்காரன்.

"பேச வாணாம். அன்னிக்குக் கடிச்ச மாரி இத்தக் கடி."

கறுப்புத் தண்ணீர் சொட்டுகிற பறியை நீட்டினாள். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு அவன் கடித்தது புதுப் பறி. ஓலையின் மஞ்சள் நிறம்கூட மாறவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து பறி கடிக்கிறவள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.