தாய் எண்

எங்கள் நகராட்சியின் டேட்டாபேஸில் ஒருவருடைய பதிவு கெட்டுப்போனால், அவரும் அதே இடத்தில் கெட்டுப்போவார். அதைச் சரிசெய்வது என் வேலை.

செவ்வாய்க்கிழமை அமலோற்பவம் தன் அம்மா செபஸ்தியம்மாளோடு வந்தாள். அவள் பதிவில் தாயின் எண் இருக்க வேண்டிய கட்டத்தில் பாதி எழுத்தும் ஒரு கேள்விக்குறியும்தான் இருந்தன. அதனால் அம்மாவுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

“நல்ல பொண்ணு. ஆட்டோல பத்திரமா கூட்டியாந்துச்சு” என்றார் செபஸ்தியம்மாள்.

மறுநாள் அவருக்கு இருதய ஆபரேஷன். மகள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று முறை போட்டுப் பார்த்திருக்கிறாள். கையெழுத்து காகிதத்தில் தங்கவில்லை.

தாயின் எண்ணைப் பதிந்தேன். அப்படி ஒரு ஆள் இல்லை என்று கணினி மறுத்தது. அம்மாவின் பதிவும் கெட்டிருந்தது. அவர் எதிரே உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார்.

“போன வெள்ளிக்கிழமை பேக்கப்பை ஏத்திடுங்க” என்றார் மேலாளர். “ஊரே வெள்ளிக்கிழமைக்குப் போயிடும், அவ்வளவுதான்.”

“எதிர்வீட்டுல சனிக்கிழமை குழந்தை பிறந்துச்சு சார்” என்றாள் அமலோற்பவம். “அது எங்க போகும்?”

“அது இருக்காது.”

“அப்ப வேண்டாம். ஒவ்வொண்ணா சரிபண்ணுவோம்.”

அவள் சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். ரத்தப் பிரிவைப் போட்டதும் அம்மாவின் முகம் சிவந்தது. பிறந்த ஊரைப் போட்டதும் மீன் விலை விசாரித்தார். தவறாக எதைப் போட்டாலும் கணினி துப்பிவிட்டது. கடைசியில் திருமண நாள் மட்டும் நிற்கவில்லை. அவள் சொன்ன தேதியை மாற்றி மாற்றிப் போட்டும் ஏற்கவில்லை.

அமலோற்பவம் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு எப்பம்மா கல்யாணம் ஆச்சு?”

செபஸ்தியம்மாள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெளியாள்தானே என்று நினைத்திருக்க வேண்டும்.

“ஆகலம்மா. எனக்கு ஒரு மக உண்டு, எங்க இருக்கான்னுதான் தெரியல. அவளப் பாத்தா சொல்லிராத.”

“சொல்ல மாட்டேன்.”

அவள் எழுந்து என்னிடம் வந்தாள். குரல் மாறவில்லை. “அந்த இடத்தைக் காலியா விடுங்க சார்.”

விட்டேன். அம்மாவின் பதிவைக் கணினி ஏற்றுக்கொண்டது. மகளின் கட்டத்தில் தாய் எண்ணைப் பதிந்தேன், நின்றது.

“அமலி, காலையில ஏதாவது சாப்பிட்டியா?” என்றார் செபஸ்தியம்மாள்.

“சாப்பிட்டேம்மா” என்று சொல்லி, மருத்துவமனைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துப்போனாள்.

அடுத்த ஆளை அழைத்தேன். தன் பதிவு இரண்டு முறை ஏறிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு இஞ்ஞாசி இரண்டு பேராக உள்ளே வந்தார்கள். ஒரு நாற்காலிதான் இருந்தது. ஒருவர் உட்கார, மற்றவர் அவர் மடியில் உட்கார்ந்தார். யாரை வைத்துக்கொள்வது என்று கேட்டேன். மனைவியிடம் கேட்டுச் சொல்வதாக இருவரும் சொன்னார்கள்.