மாப்பிள்ளையின் கால்விரல் இடுக்கில்

1

இந்தக் கதையை எனக்குத் தந்தது ஒரு கால். அந்தக் காலின் சொந்தக்காரரை எனக்குத் தெரியாது. சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். பந்தியில் இடம் பிடிக்க நான் எழுந்த நேரம், மேடையில் பெண்ணின் தம்பி மாப்பிள்ளைக்குக் கால் கழுவிவிடத் தாம்பாளமும் செம்புமாகக் குனிந்தார். மாப்பிள்ளை வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான் பார்த்தேன். ஏன் இழுத்தார் என்ற யோசனையோடு சாம்பாரை முடித்து, ரசத்துக்கு வரும்போது காரணம் கிடைத்துவிட்டது: சேற்றுப்புண்.

நிஜக் காரணம் வெறும் கூச்சமாக இருக்கலாம். போய்க் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை போயிருக்கும்.

2

"கடலூரில் மழை பிடித்துக்கொண்ட அந்த மாலையில்..." (வேண்டாம். மழை என்றால் கடலூர்க்காரர்கள் அடுத்து புயல் வரும் என்று காத்திருப்பார்கள்.)

"அரிப்பு என்பது மனிதகுலத்தின் ஆதி..." (கட்டுரை வாடை. நிறுத்திவிட்டேன்.)

சிலம்பரசன் வயலில் கால் வைத்து வருஷக்கணக்காகிறது. (இது இருக்கட்டும்.)

வீட்டில் எல்லோரும் பெண்ணாடம் பக்கம் கரும்பு போடுகிறவர்கள். அவன் மட்டும் கடலூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மேற்பார்வையாளன். சேறே மிதிக்காதவனுக்குச் சேற்றுப்புண் வந்ததற்குக் காரணம், ஷிஃப்ட் முடியும்வரை கழற்ற முடியாத கனத்த ஷூவும் அதற்குள் ஊறிய வியர்வையும். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் தோல் வெளுத்து வெடித்திருந்தது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு போட்டான். அரிப்பு நின்றது. களிம்பை நிறுத்தினான். அரிப்பு உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

தோல் மருத்துவர் ஆரோக்கிய ராணி திட்டினார். "அரிப்பு நின்னா பூஞ்சை செத்துடுச்சின்னு யாரு சொன்னா ஒங்களுக்கு? நல்லாயிட்ட மாதிரி தெரிஞ்சாலும் நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் மருந்து போடணும். குளிச்சா விரல் இடுக்கத் தொடைங்க. தெனம் சாக்ஸ் மாத்துங்க. ரெண்டு ஜோடி ஷூ வச்சி, ஒன்னு காயும்போது இன்னொன்னு போடுங்க. ஒங்க துண்ட யாருக்கும் குடுக்காதீங்க. கால் ஈரமா இருக்கக் கூடாது, அவ்ளோதான்."

"அடுத்த வாரம் எனக்குக் கல்யாணம் டாக்டர்."

"சந்தோஷம். அதுக்கும் காஞ்ச காலோட போங்க."

(மருத்துவர் பேச்சைச் சுருக்கச் சொன்னார் ஒரு நண்பர். மறுத்துவிட்டேன். கதை பிடிக்காதவர்கள் காலையாவது காப்பாற்றிக்கொண்டு போகட்டும்.)

3

கல்யாண வீட்டில் யார் வேண்டுமானாலும் காய்ந்த தொண்டையோடு இருக்கலாம். மாப்பிள்ளை காய்ந்த காலோடு இருக்க முடியாது. நலங்கு வைக்க வந்த ஒவ்வொரு பெண்ணும் அவன் காலில் மஞ்சளைப் பூசித் தண்ணீர் ஊற்றினாள். அத்தை சின்னம்மாள் மட்டும் விரல் இடுக்கைப் பார்த்துவிட்டாள்.

"அடப்பாவி, சேத்துப்புண்ணுடா! இதுக்குப் போயி டாக்டரா? மருதாணிய அரைச்சி அப்புனா தீந்துது."

அப்பியும்விட்டாள். மறுநாள் புண் இருந்த இடத்திலேயே இருந்தது. விரல்கள் மட்டும் செக்கச்செவேல் என்று சிவந்து, பார்க்காதவர்களையும் பார்க்க வைத்தன.

மேடையில் கூட்டத்துக்கு நடுவில் மச்சான் இந்தக் காலைத்தான் பிடிக்கப்போகிறான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்தக் காலைச் சொறிந்த கையால்தான் மணப்பெண் இளமதியின் பாதத்தைப் பிடித்து மெட்டி போட வேண்டும். கூரைப் புடவையோடு பூஞ்சையையும் சேர்த்துக் கொடுப்பதா? சிலம்பரசன் நிஜமாகவே கலங்கிப்போனான். எனக்கே பாவமாக இருந்தது. அவனை இப்படி மாட்டிவிட்டது நான்தான் என்பது வேறு விஷயம்.

4

முதல் வரைவில் இளமதி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். ரொம்ப வசதியாக இருந்ததால் அடித்துவிட்டேன். இரண்டாவதில் அவளுக்கும் சேற்றுப்புண். பொருத்தம் அமோகம்தான், ஆனால் அதையும் அடித்தேன். இப்போது சிதம்பரத்தில் ஒரு கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்க்கிறாள். கால்களுக்கு ஒரு குறையும் இல்லை.

சிலம்பரசன் ஃபோன் போட்டான்.

"இளமதி, ஒன்னு சொல்லணும். கோச்சிக்கக் கூடாது."

"வேற பொண்ணா?"

"ஐயோ, இல்ல."

"குடிப்பீங்களா?"

"இல்லம்மா. கால்ல சேத்துப்புண்ணு."

"எந்தக் கால்ல?"

"ரெண்டுலயும்."

அவள் சிரித்த சிரிப்பில் ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தான். சிரித்து முடித்து, மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். ஒன்று விடாமல் சொன்னான்.

"கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு என் காலத் தொடுங்க. மத்தத நான் பாத்துக்குறேன்."

(இந்த இடத்தில் எனக்கு இளமதியை ரொம்பப் பிடித்துப்போனது. என்ன செய்வது, அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.)

5

முடிவு அ: சிலம்பரசன் சாக்ஸ் போட்டுக்கொண்டு மேடை ஏறுகிறான். (பட்டு வேட்டிக்குச் சாக்ஸா? யாரும் நம்பமாட்டார்கள்.)

முடிவு ஆ: காலை இழுக்கிறான், தாம்பாளம் கவிழ்கிறது, தண்ணீர் ஓடிப்போய் வீடியோக்காரரின் ஒயரில்... (நிறுத்து. ஆள் சாகக் கூடாது.)

முடிவு இ: இளமதியின் தம்பி ஜெயப்பிரகாஷ், புவனகிரியில் செல்ஃபோன் கடை வைத்திருப்பவன், தாம்பாளத்தோடு குனிந்தான். சிலம்பரசன் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டான்.

"குடுங்க மாமா," என்றான் ஜெயப்பிரகாஷ் மெதுவாக. "அக்கா எல்லாம் சொல்லிட்டா."

கழுவினான். தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து, ஒரு விரலையும் விடாமல், இடுக்கு இடுக்காக ஈரத்தை ஒற்றி எடுத்தான். நலங்கு மஞ்சள் துண்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. ஐயர் நேரமாகிறது என்று முனகியும் விடவில்லை. முன்வரிசையில் சின்னம்மாள் அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

"மச்சான்னா இப்பிடி இருக்கணும். என்னா பாசம் பாரு!"

சிலம்பரசன் குனிந்து அவன் காதோரம் சொன்னான். "ரொம்ப தேங்க்ஸ் மச்சான்."

"இருக்கட்டும் மாமா. நீங்க மருந்த மட்டும் பாதியில வுட்றாதீங்க. அடுத்த தடவ நான் தொடச்சி வுட மாட்டேன்."

பிறகு இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். சுத்தமான கையால் சிலம்பரசன் இளமதியின் பாதத்தைப் பிடித்து மெட்டி போட்டான். அவள் அவனுடைய சிவந்த விரல்களைப் பார்த்து, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

6

இங்கேயே முடித்திருக்கலாம். துண்டு விடவில்லை.

ஜெயப்பிரகாஷ் அதைப் பழக்கதோஷத்தில் மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டான். வெந்நீரில் ஊறப் போட்டதாக எழுதிப் பார்த்தேன். கேட்கவில்லை, பந்தி விசாரிக்கக் கிளம்பிவிட்டான். அங்கே வியர்த்ததும் துண்டைக் கழற்றி ஒரு நாற்காலியில் போட்டான். யார் எடுத்தார்கள் என்று எனக்கும் தெரியாது.

நீங்களும் அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தீர்கள். பாயசம் வரை சாப்பிட்டு, முகம் கை கழுவிக்கொண்டு, ஈரம் சொட்ட நிற்கிறீர்கள். யாரோ ஒருவர் சிரித்த முகத்தோடு ஒரு துண்டை நீட்டுகிறார். "தொடச்சிக்கிங்க." புதுத் துண்டுதான். ஓரத்தில் மட்டும் லேசாக மஞ்சள்.

இதற்கு மேல் நீங்கள்தான் எழுத வேண்டும். நான் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறிவிட்டேன்.