பதினெட்டாவது கல்

மாட்டுங்காவிலிருந்து ஆபீஸ் போய்வந்த சந்திரமௌலி வாயைத் திறந்தால், ஆபீஸில் மேஜை விசிறி ஒன்றுதான் அவர் பக்கம் திரும்பும். தாராவியில் ஞாயிறு காலை நடந்த தொழிலாளர் கணக்கு வகுப்பில் மட்டும் பதினோரு பேர் அவரைச் 'சார்வாள்' என்றார்கள். 1964-இல் அதற்கும் வினை வந்தது. சோதனைக்கு வரும் அதிகாரியிடம் ஒருவராவது சரியான விடை சொல்லாவிட்டால் வகுப்பை மூடிவிடுவதாகக் கடிதம்.

புத்தகக் கணக்கு யாருக்கும் ஏறவில்லை. ரயில் வேகத்தைக் கேட்டால், "அது குர்லாவுல நின்னுபோயிருமே சார்வாள்" என்பார் தோல் ஷாப்பு சொரிமுத்து. ஆகவே சந்திரமௌலி அவர்களுடைய தெருக்குழாயையே கரும்பலகைக்குக் கொண்டுவந்தார். குடம் நிரம்ப மூன்று நிமிடம். தண்ணீர் வருவது ஒரு மணி நேரம். ஒரே மாதத்தில் பெருக்கல் எல்லோருக்கும் பழகிவிட்டது.

அதிகாரி வந்த அன்று சந்திரமௌலி அதையே பெருமையாகக் கேட்டார்.

"பதினெட்டாவதா நிக்கறவாளுக்குத் தண்ணி கிடைக்குமா? சொல்லுங்கோ."

"கெடைக்காது" என்றாள் இட்லி விற்கும் முருகம்மாள்.

"ஐம்பத்துநாலு நிமிடம்தானே அம்மா?" என்றார் அதிகாரி.

"அங்கன நிக்கது ஆளில்ல அய்யா, கல்லு. இடத்துக்கு ஒரு கல்லு வச்சிட்டு வேலையப் பாக்கப் போயிருவோம். முறை வந்தா கல்லுக்கு நாலு குடம். எனக்கு முன்னால பதினேழு கல்லு, அறுவத்தெட்டுக் குடம், எரநூத்திநாலு நிமிசம். அதுக்குள்ள குழாய் நின்னு ரெண்டு மணி இருவத்துநாலு நிமிசம் ஆயிருக்கும்."

இருபது வருஷத்தில் இவ்வளவு சுத்தமான விடையைச் சந்திரமௌலி கேட்டதில்லை.

"கல்லெல்லாம் கணக்கில் வராது" என்றார் அதிகாரி.

"வரும் அய்யா" என்றார் சொரிமுத்து. "எங்க சந்துக் கல்லு ஒண்ணுக்கு சென்சஸ்காரரு வயசு எழுதிட்டுப் போனாரு. முப்பத்திரண்டு."

"அந்தம்மா சொல்றது சரி சார்..." என்று சந்திரமௌலி ஆரம்பித்தார். அதிகாரி திரும்பவில்லை. அந்த அறையில் மேஜை விசிறியும் கிடையாது. 'பெருக்கல் அறியார்' என்று எழுதிவிட்டு அவர் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அறை பூட்டியிருந்தது. சாக்பீஸ் பெட்டியும் கையுமாகச் சந்திரமௌலி வாசலில் நின்றார். எதிரே குழாயில் அப்போதுதான் தண்ணீர் வந்திருந்தது. முருகம்மாள் வந்து பெட்டியை வாங்கி வரிசைக் கடைசியில் வைத்தாள்.

"சும்மா நிக்காதிய சார்வாள். இடம் போட்டாச்சு."

முன்னால் முப்பத்தொரு கல். ஆறு மணி பன்னிரண்டு நிமிடம் என்று மனம் தானாகப் பெருக்கியது. விடை சரிதானா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்.