கோகோப் பெண்ணின் பொத்தான்கள்

எங்கள் மாலைநேர ஓவிய வகுப்பு ஆசிரியருக்குக் ‘கோடு சார்’ என்று பெயர் வைத்தவர் பக்கத்து நாற்காலி பேனர் கடை அண்ணன். எதைப் பார்த்தாலும் சாருக்குக் கோடுதான் தெரியும். நூறு வருடத்துக்கு முந்தைய கோகோ விளம்பரச் சுவரொட்டி ஒன்றை ஸ்லைடாக வைத்திருக்கிறார். பதினோரு வருடமாக அதையேதான் திரையில் காட்டுகிறார். ஒரு பெண் இடது கையில் கோப்பை ஏந்தியிருக்கிறாள். கோப்பையின் ஆவி கொடிபோல் நெளிந்து அவள் கூந்தலாகிவிடுகிறது. கூந்தல் சுருண்டு சுருண்டு ஓரச்சட்டமாகிவிடுகிறது. ஆவி எங்கே முடிந்தது, முடி எங்கே தொடங்கியது என்று அளவுகோல் வைத்துத் தேடினேன். கிடைக்கவில்லை. அதுதான் ஆர்ட் நூவோ என்ற ஓவியப் பாணியாம். கோகோவின் பெயரை மட்டும் சார் ஸ்லைடில் கறுப்பு டேப் ஒட்டி மறைத்திருந்தார்.

“எழுத்தைப் படிச்சா கண்ணு சோம்பேறியாயிடும்” என்பார்.

நான் வேலை பார்ப்பது கார்மென்ட்ஸில், காஜாவும் பொத்தானும் சோதிக்கும் மேசையில். இந்த வகுப்பில் ஐம்பது மதிப்பெண் வாங்கினால் மாதிரி வரையும் அறைக்கு மாற்றுவதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். அதனால் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒன்பது பக்கக் கட்டுரை எழுதினேன். ஏழாம் பக்கத்தில் ஒரு சந்தேகத்தையும் எழுதிவைத்தேன். பெண்கள் மேல்சட்டையில் வலப்பக்கத் துணிதான் மேலே வரும். இவளுக்கு இடப்பக்கம் மேலே வருகிறது. படம் திரும்பியிருக்குமோ?

சார் அதை வகுப்பில் உரக்கப் படித்தார்.

“ஏம்மா, கலைஞனோட ஆன்மாவைத் தேடச் சொன்னா நீ பட்டன் எண்ணிட்டு வந்திருக்க. அவன் வேணும்னேதான் ஆம்பளச் சட்டையை மாட்டி விட்டிருக்கான். இடது கை, வலமிருந்து இடமா ஓடுற கோடு, எல்லாம் புரட்சி. திருத்தி எழுதிட்டு வா. அடுத்த வாரம் கடைசி.”

ஓரத்தில் சிவப்பு மையில் ‘தையல்கடைப் பார்வை’ என்று எழுதி, 38 போட்டிருந்தார்.

மறுநாள் மேசைக்கு வந்த ஒவ்வொரு சட்டையும் நான் எழுதியது சரி என்றது. சட்டைகளா மதிப்பெண் போடப்போகின்றன? புரட்சி என்ற சொல்லைப் பதினான்கு இடத்தில் வைத்துப் புதிதாக எழுதினேன்.

“இன்னும் ரெண்டு சேர்த்துக்க தங்கச்சி” என்றார் பேனர் கடை அண்ணன். “அம்பதைத் தாண்டணும்ல.”

கடைசி வகுப்பில் சார் கூந்தலைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். புரொஜெக்டர் விளக்கின் சூட்டில் டேப்பின் பசை இளகியது. கறுப்புப் பட்டை மெல்ல நழுவ, எழுத்துகள் வெளியே வந்தன. எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திரும்பியிருந்தன.

“சார், இது என்ன பாஷை?” என்றார் பேனர் கடை அண்ணன்.

சார் ஸ்லைடை உருவித் திருப்பிப் போட்டார். கோப்பை வலது கைக்குப் போயிற்று. வலப்பக்கத் துணி மேலே வந்தது. புரட்சிக்காரி சாதுவாக உட்கார்ந்து கோகோ குடித்துக்கொண்டிருந்தாள்.

“வேணும்னேதான் திருப்பிப் போட்டிருந்தேன்” என்றார் சார். “யாரு கண்டுபிடிக்கிறாங்கன்னு பாக்க.”

“பதினோரு வருஷமாவா சார்?”

“ஆசிரியருக்குப் பொறுமை வேணும் தம்பி.”

என் பையில் இரண்டு கட்டுரைகளும் இருந்தன. கை முதலில் புதியதுக்குத்தான் போனது. பிறகு பழையதை எடுத்து, ஏழாம் பக்கம் மேலே தெரியும்படி மேசையில் வைத்தேன். சார் தன் சிவப்பு மையைத் தானே வெகுநேரம் படித்தார். அப்புறம் ‘தையல்கடைப் பார்வை’க்கு முன்னால் ‘கூரிய’ என்று சேர்த்தார். 38ஐ அடித்துவிட்டு 83 போட்டார். திருப்பிப் போடுவது அவருக்குப் பழக்கம்தானே.

திங்கட்கிழமை முதல் எனக்கு மாதிரி அறை. ஏழாம் பக்கத்தைத் தவிர மற்ற எட்டுப் பக்கமும் திரும்பிய படத்தைப் பற்றித்தான். அதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.