இடுப்பு நோவெடுத்த கதிரை

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி ஓய்ந்த மறுமாதம், கல்முனை நெல் வியாபாரி அபூசாலியின் கதிரைக்கு இடுப்பு நோவு வந்தது. ஊரில் வேறு எந்தக் கதிரைக்கும் வரவில்லை. அந்த வீட்டில் கதிரையில் உட்கார்ந்திருப்பவர் அபூசாலி ஒருவர்தான். அதிலிருந்தபடிதான் வயல் விதைப்பு, கலியாணம், பகல் கறிக்கு என்ன மீன் என்பதெல்லாம் முடிவாகும். மனைவி சல்மா உம்மாவுக்குப் பாய். இப்போது அபூசாலி அதில் இருந்தாலே கதிரை பிள்ளை பெற்றவளைப் போல முனகியது. பாண்டிருப்புத் தச்சர் கனகரெத்தினம் வந்து புரட்டிப் பார்த்தார். "மரத்தில ஒரு பழுதும் இல்ல முதலாளி. வைத்தியம் பாக்கிற பரியாரியக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே, அறுகம்பே கடலுக்கு அலையில் சறுக்கி விளையாடப் போன வெள்ளைக்காரர் மூவரின் வேன் வாசலில் பழுதாகி நின்றது. அவர்களுக்கு இருக்கக் கதிரையைக் கொண்டுவந்து போட்ட மகள் நதீரா, அதன் பெயரையும் சொன்னாள். மூவரும் துள்ளினார்கள். போர்த்துக்கல்காரன், அது எங்கள் கப்பலில் வந்த சொல், எங்களுக்கும் அது கதிரைதான் என்றான். ஸ்பெயின்காரி ஏறக்குறைய அதே சொல்லைச் சொல்லித் தன் இடுப்பில் தட்டினாள்; அவளுக்கு அது இடுப்பு. ஜெர்மன்காரனுக்கோ வாத்தியார் படிப்பிக்கும் மேடை. கிரேக்கர் இருக்கைக்குச் சொன்ன ஒரே சொல்தான் ஊரூராகப் போய் இப்படி ஆனதென்று, வேன் சரியாகும்வரை வாதாடினார்கள். நதீரா பள்ளிக்கூட இங்கிலீசில் விளங்கியதை உம்மாவிடம் சொன்னாள்.

"பேரே இடுப்பெண்டா நோகாம என்ன செய்யும்?" என்று சல்மா உம்மா வேப்பெண்ணெய் காய்ச்சி, கதிரையின் பின்கால்களுக்கு மேலே ஒரு வாரம் உருவிவிட்டார். முனகல் நின்றது.

அப்போது அபூசாலி, தங்கச்சி மகன் மக்கீனுக்கு நதீராவைப் பேசி முடித்திருந்தார். ஆசிரியர் கலாசாலையில் அவளுக்கு இடம் கிடைத்ததைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவள் மட்டும் கிணற்றடியில் அழுதாள். நோவு தீர்ந்ததா என்று பார்க்கத்தான் சல்மா உம்மா கதிரையில் இருந்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. எழுந்த குரல் தெருமுனைவரை கேட்டது.

"இஞ்ச பாருங்க. மக்கீன் நல்ல புள்ளதான். ஆனா நதீரா படிக்கப் போறாள். கலியாணம் பொறகு."

"ஆரோட கதைக்கிறாய் எண்டு தெரியுமா?"

"ஓம், தெரியும். பாயில இரிங்க."

அபூசாலி பாயில் இருந்தார். கலியாணம் எப்போது என்று கேட்க நினைத்தவர், கேட்குமுன் வகுப்புப் பிள்ளையைப் போலக் கையை உயர்த்தினார். சல்மா உம்மா கதிரையை விட்டு எழும்பி அடுப்படிக்குப் போனதும் கொஞ்சம் அழுதார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நதீரா படித்து முடித்து ஆசிரியையானாள். மக்கீன் காத்திருந்து கட்டினான். அதற்குப் பிறகு, வீட்டில் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாத பெண்கள் கதிரையை ஒருநாளைக்கு இரவல் கேட்டு வந்தார்கள். எதற்கென்று யாரும் விசாரிப்பதில்லை. அபூசாலிதான் தலையில் சும்மாடு வைத்து அதைச் சுமந்துபோய், அந்தந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வருவார்.