தென்மேற்கே போன புகை

யோலு கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய மறுநாளிலிருந்து அவன் வீட்டு அடுப்புப் புகை தென்மேற்கே மட்டும் போனது. தன்னா தீவில் மற்ற வீட்டுப் புகையெல்லாம் காற்றோடு காட்டுப் பக்கம் போக, அவன் மனைவி நபாவியின் புகை காற்றை எதிர்த்துக் கடலுக்கு மேலே, அவன் வேலைக்குப் போன குயின்ஸ்லாந்து இருந்த திசையில் நீண்டது. எரிமலைச் சாம்பல் கொட்டிய வாரங்களிலும் அது வழி தவறவில்லை. மாலுமிகள் அதை வைத்துத் திசை பார்த்தார்கள்.

மூன்று வருட ஒப்பந்தம் முடிந்து மற்றவர்கள் கூலிப் பணத்தில் வாங்கிய பெட்டியும் துப்பாக்கியுமாக வந்திறங்கினார்கள். யோலு வரவில்லை. நபாவிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கிழங்கு நட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடிவந்து புகையைப் பார்ப்பாள். அடுத்த வீட்டுக் கபாலோ அவளுக்கு விறகு கொண்டுவந்து போடுவான். “உன் புருஷனுக்குத்தான் நான் விறகு சுமக்கிறேன். வந்தா எனக்கு ஒரு பன்னி தரச் சொல்லு” என்றான் ஒருநாள். அவள் சிரித்துவிட்டாள். கப்பல் போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான். மறுநாள் காலையில் புகை நேராக மேலே எழுந்தது.

யோலு செத்துவிட்டான் என்று ஊர் முடிவுசெய்தது. அவன் அக்கா நிசேல் முகத்தில் கரி பூசிக்கொண்டு அழுதாள். நபாவியும் அழுதாள், அந்த அழுகையில் அவளையே ஏதோ உறுத்தியது. அடுத்த அறுவடைக்குப் பின் கபாலோவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பிள்ளைகள் பிறந்தன.

வெள்ளைக்காரர்கள் குயின்ஸ்லாந்திலிருந்து தீவுக்காரர்களையெல்லாம் திருப்பி அனுப்பிய வருடம், தலை நரைத்து யோலு வந்திறங்கினான்.

“சாகலையா நீ?” என்றாள் நபாவி. “அப்ப புகை சொன்னது உன் சேதி இல்ல. என் சேதி.”

“தோட்டத்து மாஸ்டர் ஏமாத்தி இன்னும் மூணு வருஷம் எழுதி வாங்கிட்டான்” என்றான் யோலு. “தினமும் காலையில நம்ம அடுப்பு வாசம் வரும். ஒருநாள் நின்னுபோச்சு. நீ செத்துட்டேன்னு நினைச்சேன். அப்புறம் யாருக்காக வர்றது?”

சில நாளில் நிசேல் தன் தம்பி யோலுவுக்கு மேட்டில் ஒரு குடிசை கட்டிக்கொடுத்தாள். கபாலோதான் தன் அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டை எடுத்துப்போய் அங்கே தீ மூட்டினான்.

அன்று சாயங்காலமே யோலுவின் புகை மேட்டிலிருந்து இறங்கிவந்து நபாவியின் வீட்டுக்குள் நுழைந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கபாலோவைப் பார்த்தாள்.

“இருந்துட்டுப் போகட்டும். கொசு வராது” என்றான் அவன். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பாயோடு காற்று வரும் வாசல் பக்கம் இழுத்துப் போட்டான்.